குளிரில் அடித்த காற்று, வெயிலில் காட்டும் அழுத்தம்

கேள்வி: மினியாபொலிஸ் அருகே வசிக்கிறோம். ஃபோர்டு இ-450 சேஸியில் கட்டப்பட்ட பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஜனவரியில் அரிசோனாவுக்குப் புறப்பட்ட காலையில் வெளியே 10 டிகிரி ஃபாரன்ஹீட். வண்டியில் ஒட்டியுள்ள டயர் அழுத்த ஸ்டிக்கரில் உள்ளபடி பின் டயர்களுக்கு 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தம்) காற்று அடித்தோம். டூசானை நெருங்கிய மதிய வேளையில் அளந்தால் 98 காட்டியது. டயரின் பக்கவாட்டில் உச்ச அளவு 80 என்று அச்சிட்டிருப்பதால், என் கணவர் காற்றை 80-க்கு இறக்கிவிட்டார். மறுநாள் காலை 70 காட்டுகிறது. எந்த அளவை நம்புவது? நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லையே வராது என்று டயர் கடையில் சொல்கிறார்களே, உண்மையா? அழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார் வாங்கலாமா?

பதில்: காலையில் கண்ட 70 என்பதே நீங்கள் நம்ப வேண்டிய அளவு, அந்த அளவோடு வண்டியை எடுக்காதீர்கள். முதலில் 80-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கரில் உள்ள அளவும் பக்கவாட்டில் உள்ள அளவும் குளிர்ந்த டயருக்கு உரியவை. குளிர்ந்த டயர் என்பது, வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்று, வெயில் நேராகப் படாமல், சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கே வந்துவிட்ட டயர். ஓடும்போது ரப்பர் வளைந்து நிமிர்வதால் உள்ளே சூடு ஏறி அழுத்தம் உயரும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் டயரை வடிவமைக்கிறார்கள். ஆகவே ஓடி வந்த டயர் 98 காட்டியதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சூட்டில் காற்றை இறக்கியதுதான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதை எடைக் கணக்கில் பாருங்கள். உங்கள் வண்டியில் வழக்கமாகப் பொருத்தப்படும் எல்.டி. 225/75ஆர்16 அளவுள்ள, ஈ என்னும் சுமை வகை டயர், பின்னால் இரட்டையாக மாட்டப்படும்போது, 80 பி.எஸ்.ஐ.யில் ஒன்றுக்கு 2,470 பவுண்டு தாங்கும். 65-இல் 2,150 பவுண்டுதான். நான்கு பின் டயர்களுக்கும் சேர்த்தால் 9,880 பவுண்டு 8,600-ஆகச் சரிகிறது. உங்கள் 70 இவ்விரண்டுக்கும் இடையில் விழும். பின் அச்சின் அனுமதி எடையோ ஒன்பதரை ஆயிரம் பவுண்டை ஒட்டியது. தண்ணீர்த் தொட்டியும் சாமான்களும் நிறைந்த வண்டியை 70-இல் ஓட்டினால் டயர் தன் தாங்குதிறனுக்கு மேல் சுமக்க நேரிடலாம். அப்போது பக்கவாட்டு அதிகம் வளைந்து, மேலும் சூடேறி, நெடுஞ்சாலையிலேயே பிய்ந்துபோகக்கூடும்.

வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 2 விழுக்காடு மாறும். 32 பி.எஸ்.ஐ. உள்ள காரில் இது 1 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு என்பதால் பலரும் கவனிப்பதில்லை. 80 உள்ள டயரில் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. பத்து டிகிரிக் குளிரில் 80 அடித்துவிட்டு, 45 டிகிரி உள்ள அரிசோனாக் காலையில் அளந்தால் 87 காட்டும். இதை நீங்கள் இறக்கலாம். ஆனால் விடியலில், புறப்படும் முன், அங்கேயே இறக்க வேண்டும். வெப்பமூட்டிய கொட்டகையில் 65 டிகிரியில் 80 அடித்து, வெளியே 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் எதிர்மாறாக அது 70-ஆக விழும். ஊர் மாறும் ஒவ்வொரு காலையிலும் அளந்து பார்ப்பதற்கு மாற்று வழி இல்லை. உயரமும் சிறிது விளையாடும்: டூசானிலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள ஃபிளாக்ஸ்டாஃபுக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் (அழுத்தமானி) 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அங்குள்ள குளிர் அதை விழுங்கிவிடுவதால் தனியாகக் கவலைப்பட வேண்டாம்.

நைட்ரஜனுக்குக் காசு கொடுக்காதீர்கள். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் அதற்கும் பொது. ஈரப்பதம் இல்லாத வாயு என்ற சிறு நன்மைக்காக, வழியில் 5 பி.எஸ்.ஐ. ஏற்ற நைட்ரஜன் கடையைத் தேடி அலைவது வீண்.

சென்சார் அவசியம் வாங்குங்கள். அமெரிக்கச் சட்டம் இக்கருவியைக் கட்டாயமாக்கியிருப்பது மொத்த அனுமதி எடை 10,000 பவுண்டுக்கு உட்பட்ட, இரட்டைச் சக்கரம் இல்லாத வண்டிகளுக்கு மட்டுமே என்பதால், உங்கள் வண்டியில் அது இருக்க வாய்ப்பில்லை. இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் காற்றிறங்கினால் வெளிடயர் வண்டியைத் தாங்கிக்கொண்டே போகும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அதனாலேயே உங்களைப் போன்றவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல. வால்வில் திருகும் சென்சாராக இருந்தால், ரப்பர் வால்வை உலோக வால்வாக மாற்றிய பிறகே பொருத்துங்கள். சென்சாரின் எடை ஆடி ஆடி ரப்பர் தண்டு விரிசல் விடும். குறைந்த அழுத்த எச்சரிக்கையைக் குளிர் அளவைவிடச் சுமார் 10 விழுக்காடு கீழே வையுங்கள். மேல் எல்லையை 25 விழுக்காடு உயர்த்தி வைத்தால் மதிய வெயிலில் வீணாகக் கத்தாது.

ஆனால் பழைய வண்டி என்பதால், இவற்றுக்கெல்லாம் செலவழிக்கும் முன் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 3517 என்றிருந்தால், அது 2017-இன் 35-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. அப்படி வயதேறிய டயருக்குச் சென்சார் வாங்குவதைவிடப் புது டயர் வாங்குவதே மேல்.

கூடவே 120 பி.எஸ்.ஐ. வரை காட்டும், உள்டயரின் வால்வை எட்டக்கூடிய நீண்ட தண்டுள்ள கேஜ் ஒன்றும், 100-க்கு மேல் தள்ளக்கூடிய 12 வோல்ட் கம்ப்ரஸரும் வேண்டும். காருக்கென்று விற்கும் மலிவான பம்புகள் பல 80-ஐ எட்டத் திணறும். வசந்தத்தில் வடக்கே திரும்பும்போது காலைதோறும் நீங்கள் காற்று ஏற்ற வேண்டியிருக்கும்.