அயர்லாந்தின் மரபிசையையும் ராக் இசையையும் கலந்த ஆல்பங்களில் முதலில் எதைக் கேட்கச் சொல்வீர்கள், ஏன்?

‘ரெட் ரோஸஸ் ஃபார் மீ’. தி போக்ஸ் குழுவின் முதல் ஆல்பம், 1984இல் வந்தது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

காலத்தால் முந்தியது வேண்டுமென்றால் ஹார்ஸ்லிப்ஸ் இருக்கிறார்கள். டப்ளின்காரர்கள். 1972இலேயே தங்கள் முதல் ஆல்பத்தில் பழைய மெட்டுகளோடு மின் கிட்டாரைச் சேர்த்துவிட்டார்கள். அருமையான ஆல்பம்தான். ஆனால் அதைக் கேட்கும்போது இது மரபு, இது ராக் என்று எனக்குத் தனித்தனியாகத் தெரிகிறது. போக்ஸிடம் அப்படிப் பிரிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் போக்ஸின் ஆல்பத்தில் ஒரு மின் கிட்டார் சோலோகூடக் கிடையாது. பாஞ்சோ, அக்கார்டியன், டின் விசில், சாதாரண கிட்டார். பேஸுக்கு மட்டும்தான் கரண்ட். அப்புறம் ராக் எங்கிருந்து வந்தது?

முதலில் டிரம்மைக் கவனியுங்கள். ஆண்ட்ரூ ராங்கன் அந்த நாட்களில் மேடையில் நின்றுகொண்டேதான் வாசிப்பார். முன்னால் ஒரு ஸ்நேர், ஒரு பெரிய டாம் என்று இரண்டே டிரம்கள், அவ்வளவுதான். ஜிக், ரீல் எல்லாமே ஆட்டத்துக்கென்று உண்டான மெட்டுகள். கால் எங்கே விழவேண்டும் என்பது மெட்டுக்குள்ளேயே இருக்கிறது. ராங்கன் சரியாக அந்த இடத்தில் ஓங்கி அடிக்கிறார். வேகத்தையும் ஆவேசத்தையும் பங்க் என்ற முரட்டு ராக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மெட்டில் கை வைக்கவில்லை.

அடுத்தது ஷேன் மக்கவனின் குரல். இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதில் அயர்லாந்தின் டிப்பரரியில் அம்மா வழி உறவினர் வீட்டில் பழைய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். பிறகு லண்டனில் பங்க் குழுவில் பாடியவர். இரண்டையும் அவர் வெளியே போய்த் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1982இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் உருவான குழு இது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆங்கிலேயர்கள். அதனால்தானோ என்னவோ, இது ஊரில் இருப்பவர்களின் இசையாக இல்லாமல், வேலை தேடி லண்டனுக்கு வந்து தங்கிவிட்டவர்களின் இசையாக ஒலிக்கிறது. முதல் பாட்டு ‘ட்ரான்ஸ்மெட்ரோபாலிட்டன்’ பிரிக்ஸ்டன், ஹாமர்ஸ்மித் என்று லண்டன் முழுக்கச் சுற்றுகிறது. மெட்டு அயர்லாந்து, தெரு லண்டன்.

‘புவர் பேடி’யை மட்டும் இரண்டு மூன்று தடவை கேளுங்கள். ரயில் பாதை போடப் போன அயர்லாந்துக் கூலித் தொழிலாளியின் பாட்டு, பழையது. 1841இல் தொடங்கி, அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று எண்ணிக்கொண்டே போகிறான். வருடம்தான் மாறுகிறது, வேலை மாறவில்லை. டிரம் தண்டவாளத்தில் விழும் சம்மட்டி மாதிரி இறங்குகிறது. மக்கவன் இதில் பரிதாபம் காட்டிப் பாடுவதில்லை, கோபமாகப் பாடுகிறார். நூற்று நாற்பது வருடம் கழித்து அதே லண்டனில் கட்டட வேலைக்கு நின்ற அயர்லாந்துக்காரர்களுக்கு இந்தப் பாட்டு பழங்கதையாக இருந்திருக்காது.

‘வாக்ஸீஸ் டார்கிள்’ டப்ளின் ஏழைகளின் பாட்டு. வாக்ஸீஸ் என்றால் மெழுகு தடவிய நூலில் செருப்புத் தைத்தவர்கள். வசதியானவர்கள் டார்கிள் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் போவார்கள். இவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு திடலில் கூடி, அதையே தங்கள் டார்கிள் என்றார்கள். குழுவில் விசில் வாசிக்கும் ஸ்பைடர் ஸ்டேசி, மேடையில் இந்தப் பாட்டுக்கு ஒரு பீர் தட்டை எடுத்துத் தன் தலையிலேயே அடித்துத் தாளம் போடுவார். அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள், இந்தக் குழுவைப் பற்றி நான் எழுதுவதைவிட அது நன்றாகச் சொல்லும்.

‘தி ஆல்ட் ட்ரையாங்கிள்’ நேர் எதிர். பிரெண்டன் பீஹனின் சிறைச்சாலை நாடகத்தில் வரும் பாட்டு. கைதிகளை எழுப்ப இரும்பு முக்கோணத்தைத் தட்டும் ஓசையைப் பற்றியது. இதில் அவசரமே இல்லை. வேகம் இல்லாமலும் இவர்களால் ஆளைக் கட்டிப்போட முடியும் என்பதற்கு இது ஒன்று போதும்.

குறை இல்லாமல் இல்லை. ஒலிப்பதிவு மெலிந்துதான் இருக்கிறது. எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்த இவர்களின் 1985 ஆல்பம் இதைவிடத் துல்லியம், பாட்டுகளும் இன்னும் ஆழம். மரபிசைக்காரர்களில் சிலருக்கு இவர்களைக் கண்டாலே ஆகவில்லை; எங்கள் இசையைக் குடிகாரக் கூச்சலாக்கிவிட்டார்கள் என்ற கோபம். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1987இல் மரபுப் பாட்டின் பெரியவர்களான தி டப்ளினர்ஸே இவர்களோடு சேர்ந்து ‘தி ஐரிஷ் ரோவர்’ பாடினார்கள், அது பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது.

இப்போது கிடைக்கும் மறுபதிப்புகளில் கூடுதல் பாட்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் தடவை கேட்கும்போது அவற்றை விட்டுவிடுங்கள். பழைய வரிசைப்படி 13 பாட்டுகள். கடைசிப் பாட்டு ‘கிட்டி’. அதோடு நிறுத்திக்கொண்டு, பிறகு 1985 ஆல்பத்துக்குப் போங்கள்.