வாங்கும் முன்: நீல அங்கி ராணியும் தங்க முத்திரைத் தாளும்

கேள்வி (ஹாரோ): பிரிட்டனின் மிக உயர்ந்த நைட் விருதான கார்ட்டரின் அங்கியில் எலிசபெத் ராணி நிற்கும் படத்தை 'அன்னிகோனி, 1955, ஒரிஜினல்' என்று இணையக் கடையில் போட்டிருந்தார்கள். கிரெடிட் கார்டில் 450 பவுண்டு கட்டி வாங்கினேன். ஃப்ரேம் போடக் கொடுத்த இடத்தில் 'இது அச்சுப்படம்' என்கிறார்கள். பணம் திரும்புமா?

பதில்: விடாதீர்கள். உங்களிடம் சொன்னது பச்சைப் பொய். ஓவியர் பியெத்ரோ அன்னிகோனியின் மூலப்படம் லண்டன் மீன்வணிகர் சங்கம் வரையச் சொன்னது. அவர்களுடைய ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலுக்குச் சொந்தம். கடைகளில் கிடைப்பது அதன் அச்சுகள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னதற்கு மாறான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்கலாம். கடைக்கே நேரடியாகக் கட்டியிருந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு. விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கே அதை மாற்றிவிடுவார்கள்.

கேள்வி (லெஸ்டர்): சிவப்பு அங்கிப் படத்தையும் கார்ட்டர் என்று விற்கிறார்களே?

பதில்: கார்ட்டர் அங்கி கருநீலம். சிவப்பு, அதே அன்னிகோனி 1969இல் பிரிட்டிஷ் பேரரசு விருதின் அங்கியில் வரைந்தது. இதுகூடத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி (குரோய்டன்): கார்ட்டர் உடையில் நான்காம் ஜார்ஜ் மன்னர் படத்தை ஏலத்தில் எடுத்தேன். பட்டியலில் ஓவியர் தாமஸ் லாரன்ஸ் பெயர் இருந்தது. இப்போது அவர் வரையவில்லை என்கிறார்கள். ஏலக்காரர்கள் விலைக்கு மேல் கமிஷன் வேறு கேட்கிறார்கள்!

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கத்திலேயே அவர் பெயருக்கு முன்னால் 'ஆஃப்டர்' என்று இருக்கிறது. லாரன்ஸ் படத்தைப் பார்த்து வேறு யாரோ வரைந்த நகல் அது. கமிஷனும் விதிமுறையில் இருக்கிறது. நேரில் போய் எடுக்கக்கூடிய பொது ஏலத்துக்கு 14 நாள் ரத்து உரிமை கிடையாது. படிக்காமல் கை தூக்கினால் நான் என்ன செய்ய? கட்டுங்கள்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): கேன்வாஸ் படத்தோடு 'அசல்' என்று சான்றிதழும் தருகிறார்கள். நம்பலாமா?

பதில்: இந்தச் சான்றிதழ்களைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. நான் வாங்கிய மன்னர் படம் ஒன்றோடும் தங்க முத்திரை ஒட்டிய தாள் வந்தது. கையெழுத்து விற்றவருடையதேதான்! பொருளை விற்பவரே அதற்குச் சாட்சியும் சொன்னால் எதற்கு ஆகும்? வயதானவர்கள் ஓய்வூதியப் பணத்தை இப்படித் தாளை நம்பித் தொலைக்கிறார்கள். தாளை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தின் மேல் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். கையால் வரைந்ததில் தூரிகைத் தடம் வெல்வெட் மடிப்போடு வளையும். கார்ட்டர் அங்கியின் மேல் அணியும் கழுத்துச் சங்கிலியின் ஒவ்வொரு ரோஜாவிலும் தனித்தனியாகத் தெரியும். தூரிகைத் தடம் போலத் தெரிய அச்சின் மேல் பசை பூசியிருந்தால், அந்தத் தடம் அங்கி, சங்கிலி, முகம் எல்லாவற்றின் மீதும் ஒரே போக்கில் ஓடும். லென்ஸ் வைத்துப் பார்த்து, கன்னத்தில் நிறப்புள்ளிகள் தெரிந்தால் அச்சேதான். வாங்குவதாக இருந்தால் 'கையால் வரைந்தது' என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.