வீட்டுக் கணினிக்கு டொமைன் பெயர்: கேள்வி பதில்

கேள்வி: டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் ஏ ரெக்கார்டில் 192.168.1.10 என்று போட்டேன் சார். வீட்டில் திறக்கிறது, ஆபீஸில் திறக்கவில்லை.

அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. ரவுட்டரின் வெளி முகவரியை ரெக்கார்டில் போட்டுவிட்டு, இணையதளத்துக்கான 80, 443 போர்ட்டுகளை (எண்ணிட்ட வாசல்களை) அந்தக் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389-ஐ மட்டும் திறக்காதீர்கள்.

கேள்வி: மூன்று கணினி, மூன்று சப்டொமைன், ஒரே இணைப்பு. ஏ ரெக்கார்டிலேயே போர்ட் எண்ணையும் எழுதலாமா அண்ணா?

முடியாது தம்பி. ஏ ரெக்கார்டில் முகவரிக்கு மட்டும்தான் இடம். மூன்று பெயரும் ஒரே வெளி முகவரிக்கு வந்து நிற்கும். ரவுட்டரும் 443-ஐ ஒரே கணினிக்குத்தான் அனுப்பும். அந்தக் கணினியில் என்ஜின்எக்ஸ் அல்லது கேடி என்ற வெப் சர்வர் மென்பொருளை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக ஓட விடு. எந்தப் பெயரைத் தேடி வந்தது என்பதை பிரவுசர் ஒவ்வொரு முறையும் சொல்லும். ப்ராக்ஸி, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மாதிரி, பெயரைக் கேட்டு உரிய கணினிக்கு அனுப்பிவிடும். கேடி என்றால் https-க்குத் தேவையான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழையும் தானே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். கண்காணிப்பு கேமரா இருந்தால் இந்த வரிசையில் சேர்க்காதே.

கேள்வி: வெளி முகவரி மாறிக்கொண்டே இருக்கிறதே?

டைனமிக் டிஎன்எஸ்: முகவரி மாறும்போதெல்லாம் பெயரைப் புது முகவரிக்குத் திருப்பும் சேவை. டக்டிஎன்எஸ் இலவசம், சப்டொமைனிலிருந்து அதற்கு ஒரு சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் ரெக்கார்டு) போதும்.

கேள்வி: எல்லாம் செய்தும் வெளியிலிருந்து வரவில்லை. ரவுட்டரில் வான் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.72 என்று தொடங்குகிறது.

சிஜிநாட் (இணைய நிறுவனமே செய்யும் முகவரிப் பங்கீடு). 100.64 முதல் 100.127 வரை எது வந்தாலும் அதுதான். வெளி முகவரியைப் பலரோடு பங்கிட்டுக்கொள்கிறீர்கள்; போர்ட் திருப்பிப் பயனில்லை. காசு கொடுத்து நிலையான ஐபி, அல்லது ஐபிவி6 (பங்கிடத் தேவையில்லாத புதிய முகவரி முறை), அல்லது கிளவுட்ஃபிளேர் டனல் (அந்தக் கம்பெனியின் சர்வர் வழியாக வீட்டுக்கு வரும் பாதை).

கேள்வி: எனக்கு 100.90. போர்ட் திறக்கவே மாட்டேன் என்கிறது.

மேலே படியுங்கள்.

கேள்வி: 100.101 சார், என்ன செய்யலாம்?

மேலே இரண்டு பேர் கேட்டாயிற்று.

கேள்வி: டனல் போட்டால் நடுவில் ஒரு கம்பெனி எல்லாவற்றையும் படிக்குமே! அது எப்படி சொந்த சர்வர்?

நியாயமான கோபம். டிஎல்எஸ் என்ற குறியாக்கப் பூட்டு அவர்கள் சர்வரில்தான் திறக்கிறது, பார்க்க நினைத்தால் பார்க்கலாம். ஊருக்குக் காட்டும் வலைப்பூ என்றால் என்ன கெட்டுவிடும்? குடும்பப் படங்கள் என்றால் நானும் போட மாட்டேன்.

கேள்வி: அப்புறம் ஏன் பரிந்துரைக்கிறீர்கள்? ஐபிவி6 போதுமே.

பழைய ஐபிவி4 மட்டும் உள்ள ஆபீஸிலிருந்து திறந்து பாருங்கள், தெரியும். ரகசியமும் வேண்டும், எங்கிருந்தும் திறக்கவும் வேண்டுமென்றால் வாடகை விபிஎஸ் (இணையத்தில் உள்ள சர்வர்) ஒன்று எடுத்து, வீடு வரை வயர்கார்டு (விபிஎன் மென்பொருள்) போட்டு, 443-ஐ அப்படியே கடத்துங்கள்.

கேள்வி: விபிஎஸ் மட்டும் யாருடையதாம்?

இன்னொருவருடையதுதான். ஆனால் ரகசியச் சாவி வீட்டில் இருக்கிறது. அங்கே கடந்து போவது பூட்டிய பொட்டலம்.

கேள்வி: வீட்டு வைஃபையில் டொமைனைத் திறந்தால் ரவுட்டர் லாகின் பக்கம் வருகிறது.

உங்கள் ரவுட்டருக்கு நாட் லூப்பேக் (உள்ளிருந்து வெளி முகவரியைத் தேடினால் திருப்பி உள்ளே அனுப்பும் வசதி) இல்லை. மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

கேள்வி: 3389-ஐ 3390 என்று மாற்றித் திறக்கலாமா?

கூடாது. ஸ்கேன் செய்கிறவன் எல்லா எண்ணையும் தட்டிப் பார்ப்பான். வயர்கார்டு போட்டு அதன் போர்ட்டான யுடிபி 51820-ஐ மட்டும் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப்பை அதற்குள் ஓட்டுங்கள்.