இந்து மதத்தில் ஒழுக்கத்துக்கென்று கட்டாயப் பட்டியல் ஏதாவது உண்டா?

பட்டியல்தான் வேண்டுமென்றால், இருக்கிறது. கொல்லாமை, உண்மை, திருடாமை, தூய்மை, புலனடக்கம் ஆகிய ஐந்தும் நான்கு வர்ணத்தாருக்கும் பொது என்று மனுஸ்மிருதியின் 10-ஆம் அத்தியாயத்திலேயே வருகிறது. இதைச் சாமானிய தர்மம் என்பார்கள். அதற்கு மேல் அவரவர் நிலைக்கேற்ற கடமை, அதாவது சுயதர்மம். மனப்பாடம் செய்ய ரெண்டு நிமிஷம் ஆகாது. சாயங்காலம் நாலரை மணிக்கு நீங்கள் எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்லாது, எனக்குச் சிக்கலே அங்கேதான் வந்தது.

"கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" தெரியும் இல்லையா? வள்ளுவர் மனைவி வாசுகி சொன்னதாக நாம் சொல்கிற அதே கதை, மகாபாரதத்தின் வனபர்வத்தில் கௌசிகன் என்ற பிராமணன் பெயரில் இருக்கிறது. எச்சமிட்ட கொக்கை முறைத்தே கொன்றவன், பிச்சைக்குப் போன வீட்டில் அந்தம்மா புருஷனைக் கவனித்துவிட்டுத் தாமதமாக வந்தாள் என்று அவளையும் முறைக்கிறான், நான் கொக்கு இல்லை என்கிறாள். நாம் இதோடு நிறுத்திவிடுகிறோம். கதை நிற்பதில்லை. தர்மம் தெரிய வேண்டுமானால் மிதிலையில் ஒரு இறைச்சிக் கடைக்காரர் இருக்கிறார், போய்க் கேள் என்று அனுப்புகிறாள். அவர் இவனை வீட்டுக்குக் கூட்டிப்போய், வயதான அப்பா அம்மாவைக் காட்டி, எனக்குத் தெய்வம் இவர்கள்தான் என்கிறார். அப்புறம் போடுகிறார் ஒரு போடு: வேதம் படிப்பதற்காக, பெற்றவர்களின் சம்மதம் இல்லாமல் கிளம்பி வந்துவிட்டாய், அந்தத் துக்கத்தில் அவர்களுக்குக் கண்ணே போய்விட்டது, முதலில் ஊருக்குப் போ.

(அதே மனிதர் தன் தொழிலை முற்பிறவிச் சாபத்தின் பலன் என்றும் சொல்வார். அந்த இடம் எனக்கு இன்றுவரை இறங்கவில்லை. பிறப்புதான் கடமையைத் தீர்மானிக்கும் என்று பேசுகிறவர்களுக்கு இந்த மாதிரி வரிகள்தான் கைக்கு வாகாகக் கிடைக்கின்றன.)

நான் சென்னை மந்தைவெளி. அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகும் நான் ஒரு பிரதோஷம் விட்டதில்லை, நாலரைக்குக் கபாலி கோயிலில் நந்தி பக்கம் இடம் பிடித்தாக வேண்டும். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரமும் அதுதான். அம்மாவுக்கு எழுபது வயசு, தனியாகத்தான் மல்லுக்கட்டுவாள். ஒரு நாளும் வாய்திறந்து சொன்னதில்லை, எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

ஒரு நாள் லூப் ரோட்டில் சங்கரா மீன் வாங்கப் போனேன். நான் வழக்கமாக வாங்குகிற மீன்கார அம்மா, "அப்பாவுக்கா? இது நேத்து மீனு, ஐஸ்ல கெடந்தது, வேணாம். காலைல வா" என்றார். பக்கத்தில் நாலு பேர் கடை போட்டிருந்தார்கள், நான் அங்கே வாங்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். கிளம்பும்போது, "முள்ளு பாத்து எடுக்கணும் சார், நீயா ஊட்டுற?" என்று கேட்டார்.

இல்லை, என் அம்மா என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஆளுக்கு மீன் எடுக்கத் திரும்பிவிட்டார்.

இப்போதும் பிரதோஷத்துக்குப் போகிறேன், அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்த பிறகு. போய்ச் சேரும்போது அபிஷேகம் பெரும்பாலும் முடிந்திருக்கும். முள் எடுப்பதில் மட்டும் இன்னும் அம்மா அளவுக்குக் கை வரவில்லை.