லாங்இயர்பைனில் ஆகாயக்கப்பல் அருங்காட்சியகம்: பத்து வயதுப் பையனுக்குச் சலிக்குமா?

வணக்கம். நார்வேயின் வடகோடித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் உங்களுக்கு ஒரே ஒரு பிற்பகல்தான் கிடைக்கிறது, அங்குள்ள லாங்இயர்பைன் ஊரில் பழைய செய்தித்தாள்களும் படங்களும் நிறைந்த வடதுருவப் பயண அருங்காட்சியகத்தில் மகன் பொறுமையிழந்துவிடுவானோ என்று தயங்குகிறீர்கள். தயங்காமல் கூட்டிப் போங்கள். ஆனால் முந்தைய இரவே கதையைச் சொல்லிவிடுங்கள். கதை தெரியாமல் போனால் பெரியவர்களுக்கே அது வெறும் காகிதம்தான்.

டிட்டீனாவிலிருந்து தொடங்குங்கள். வாயு நிரப்பிய ராட்சத ஆகாயக்கப்பல்களை வடிவமைத்து ஓட்டிய இத்தாலியர் நொபிலேயின் குட்டி நாய் அது. 1926இல் நார்வே ஆய்வுப்பயணி அமுண்ட்சென், அமெரிக்கர் எல்ஸ்வொர்த், நொபிலே மூவரும் 'நோர்கே' ஆகாயக்கப்பலில் வடதுருவத்தைக் கடந்து அலாஸ்கா போனபோதும் உடன் பறந்தது. 1928இல் நொபிலேயின் அடுத்த ஆகாயக்கப்பல் 'இத்தாலியா' பனியில் மோதி விழுந்தபோதும் இருந்து, உயிர் பிழைத்தது. மோதியதும் கப்பலின் மேற்பகுதி ஆறு பேரோடு காற்றில் போய்விட்டது. அவர்கள் கிடைக்கவே இல்லை. (இதை அவனிடம் மறைக்க வேண்டாம், மெதுவாகச் சொல்லுங்கள்.) பனியில் எஞ்சியவர்கள் கூடாரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி, சிறிய சிற்றலை வானொலியில் உதவி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதைக் கேட்டது ரஷ்யக் கிராமம் ஒன்றில் இருந்த ஓர் அமெச்சூர் வானொலி ஆர்வலர்! நொபிலே குழுவைத் தேடப் புறப்பட்ட அமுண்ட்சென் திரும்பவில்லை.

அப்புறம், உள்ளே போனதும் வரிசையாகப் படிக்காமல் ஆகாயக்கப்பல் மாதிரிகளையும் பழைய படச்சுருள்களையும் முதலில் காட்டுங்கள். 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் போன ஸ்வீடன்காரர் ஆந்த்ரேயின் கதையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்வால்பார்டின் இன்னொரு சிற்றூரான நீ-ஓலெசுண்டுக்குப் படகில் போக வாய்த்தால், அந்த ஆகாயக்கப்பல்களைக் கட்டிவைத்த கம்பம் இன்றும் அங்கே நிற்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய காட்சிப்பொருள் இல்லை.