பாரிஸில் பிள்ளைகளுடன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வரும் மே மாதம் நாங்கள் நால்வரும் ஐந்து நாள் பாரிஸ் போகிறோம். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 13. மறுபடி இப்படி ஒரு வாய்ப்பு அமையுமா தெரியவில்லை என்பதால், அங்கே போய்வந்த உறவினர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். பதினோரு அருங்காட்சியகங்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் மகன், "நீங்கள் மூன்று பேரும் போங்கள், நான் அறையிலேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். மகள் ஒன்றும் சொல்லவில்லை, முகம் மட்டும் வாடிவிட்டது. என் கணவரோ, இவ்வளவு செலவு செய்து போய் லூவ்ரை முழுதாகப் பார்க்காமல் திரும்புவதா என்கிறார். மகள் நன்றாக வரைவாள். மகன் எது கையில் கிடைத்தாலும் கழற்றிப் பார்ப்பவன். எனக்கு மோனேயின் அல்லி ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை. இந்தப் பதினொன்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னதை நினைத்து வருந்தாதீர்கள். பதினோரு பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்க்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது தேர்வு அட்டவணை போலத்தான் தெரியும். அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். எந்த அருங்காட்சியகம் என்று யோசிப்பதற்கு முன்னால் எந்தப் பொருள் என்று யோசியுங்கள். ஆளுக்கு ஒரு பொருள் போதும். அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறதோ அங்கே போய், அதன் எதிரே நின்று, ஆற அமரப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நாளுக்கு ஓர் இடம், ஒன்றரை மணி நேரம். அதற்கு மேலும் இருக்க வேண்டுமென்றால் அதைப் பிள்ளைகள்தான் கேட்க வேண்டும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் மகளை அவளுடைய பதினான்காவது வயதில் லூவ்ருக்கு அழைத்துப் போனேன். காலை ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்து எகிப்து, கிரேக்கம், இத்தாலி என்று அறை அறையாக நடத்தினேன். பன்னிரண்டு மணிக்கு, இத்தாலிய ஓவியங்கள் இருக்கும் அந்த நீண்ட கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்து, காலுறையில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அப்பா இவ்வளவு ஆசையாகக் காட்டுகிறாரே என்று வலியைச் சொல்லாமல் நடந்திருக்கிறாள். இவ்வளவு நேரம் பார்த்ததில் எது பிடித்தது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தாள். அவளால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மாலையில் மறுபடி போனோம், ஒரே ஓர் ஓவியத்துக்காக. முந்தைய இரவு சாப்பிடும்போது அதன் கதையை மட்டும் சொல்லியிருந்தேன். படத்தைக் காட்டவில்லை.

1816-ல் மெதூஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் செனகலுக்குப் புறப்பட்டது. அதன் தலைவருக்கு அந்தப் பதவி கிடைத்தது அரச குடும்பத்தின்மீது காட்டிய விசுவாசத்துக்காக. அவர் கடலில் கப்பல் செலுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆப்பிரிக்கக் கரையோரம் மணல் திட்டில் கப்பல் தட்டி நின்றது. படகுகளில் எல்லோருக்கும் இடமில்லை. மரங்களைக் கட்டி ஒரு தெப்பம் செய்து அதில் 147 பேரை ஏற்றினார்கள். படகுகள் அதைக் கயிறு கட்டி இழுத்துப் போவதாகப் பேச்சு. சிறிது தூரத்திலேயே கயிற்றை விட்டுவிட்டார்கள். பதின்மூன்று நாள் கழித்து வேறொரு கப்பல் கண்டெடுத்தபோது தெப்பத்தில் உயிரோடு இருந்தவர்கள் பதினைந்து பேர். பசியில் பிணங்களையும் தின்றிருந்தார்கள். ழெரிகோ என்ற இளம் ஓவியர் பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார், தெப்பத்தின் மாதிரியைச் செய்து வைத்துக்கொண்டார், பிணவறைகளுக்குப் போய் வரைந்து பழகினார். இன்று 'மெதூஸின் தெப்பம்' என்று அழைக்கப்படும் அந்த ஓவியத்தை 1819-ல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது அவருக்கு வயது 27.

ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரம், ஏழு மீட்டர் அகலம். என் மகள் அதன் எதிரே போய் நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "காப்பாற்ற வந்த கப்பல் எங்கே?" நான் பதில் சொல்லவில்லை. அவளே தேடினாள். இறந்த மகனை மடியில் கிடத்தி நம் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்திருக்கும் முதியவரைத் தாண்டி, குவிந்து கிடக்கும் உடல்களைத் தாண்டி, எல்லோருக்கும் மேலே ஏறி நின்று துணியை வீசும் கறுப்பு மனிதரின் முதுகைத் தாண்டி அவள் கண் போயிற்று. அடிவானத்தில் ஒரு புள்ளி. அவ்வளவு பெரிய திரையில் அந்தக் கப்பல் ஒரு புள்ளிதான். அதைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அந்தக் கப்பல் தலைவருக்கு என்ன தண்டனை?" என்றாள். மூன்று ஆண்டு சிறை என்றேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டவள், இருபது நிமிடம் அங்கிருந்து நகரவில்லை. அன்று லூவ்ரில் வேறு எதையும் பார்க்காமல் திரும்பினோம்.

இந்த வயதில் பிள்ளைகளுக்கு நியாயம், அநியாயம் என்றால் உடனே மனம் பற்றிக்கொள்ளும். மரணத்தைப் பற்றியும் உடலைப் பற்றியும் தோற்றுப்போனவர்களைப் பற்றியும் உள்ளுக்குள் ஓயாமல் யோசிக்கிறார்கள். நம்மிடம்தான் பேசுவதில்லை. அழகான ஓவியம் என்று நாம் இழுத்துப் போய் நிறுத்தும் இடத்தில் அவர்களுக்கு மனம் ஒட்டாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வரையத் தெரிந்த உங்கள் மகளுக்கு இந்த ஓவியத்தையே நானும் சொல்வேன். கையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். மறுநாள் அவளுக்கு ஆர்வம் மிச்சமிருந்தால் சிற்பி ரொதேனின் அருங்காட்சியகத் தோட்டம். அங்கே தங்கள் ஊரைக் காப்பாற்றுவதற்காகக் கழுத்தில் கயிறோடு சாகத் தயாராக நடக்கும் கலே நகரத்து ஆறு பேரின் சிலைகள் இருக்கின்றன. அவர்களுடைய கைகளை மட்டும் வரையச் சொல்லுங்கள்.

மோனலிசாவும் லூவ்ரில் இந்தத் தெப்ப ஓவியம் இருக்கும் தெனோன் என்ற பகுதியில்தான் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் தடுக்காதீர்கள், வகுப்பில் நண்பர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். 77 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறிய படம், எதிரே எப்போதும் பெருங்கூட்டம். 1911-ல் அது திருடுபோய் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிளாரன்ஸில் கிடைத்த கதையை வரிசையில் நிற்கும்போது சொல்லுங்கள்.

மகனுக்கு என் தேர்வு ஆர்ஸே மெத்தியே. தொழில்நுட்பக் கருவிகளின் அருங்காட்சியகம். உங்கள் பட்டியலில் அது இருக்குமா என்பது சந்தேகம், சுற்றுலாக் கூட்டம் அதிகம் போகாத இடம். 11-ம் எண் மெட்ரோவில் போங்கள். அந்த நிலையத்தின் சுவர் முழுவதும் செம்புத் தகடு, வட்ட வட்டமான கண்ணாடி ஜன்னல்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்குவது போல இருக்கும். உள்ளே பெரிய படிக்கட்டுக்கு மேலே வௌவால் போன்ற இறக்கைகளை விரித்துக்கொண்டு ஒரு விமானம் தொங்குகிறது. கிளெமென் அதெர் செய்தது, நீராவியால் இயங்குவது. 1897-ல் ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் சோதித்தார்கள், சரியாகப் பறக்கவில்லை. ஆனால் விமானத்துக்குப் பிரெஞ்சு மொழியில் இன்றும் வழங்கும் பெயர் அவர் வைத்ததுதான். படிக்கட்டில் நின்று இறக்கையின் எலும்புகளை அடியிலிருந்து பார்க்கலாம். அதே வளாகத்தின் பழைய தேவாலயத்தில், 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிளேரியோவின் விமானம் தொங்குகிறது. தோற்ற இயந்திரத்துக்கும் ஜெயித்த இயந்திரத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். அதற்குள் என்னென்ன மாறின என்று அவனே கண்டுபிடிக்கட்டும். வேதியியல் அறிஞர் லவுவாசியேயின் ஆய்வுக் கருவிகளும் அங்கே இருக்கின்றன. அவருடைய பொருண்மை அழியா விதியைப் பள்ளியில் படித்த உங்கள் மகளுக்கு, அந்த மனிதரை 1794-ல் கில்லட்டினில் வெட்டினார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

மோனே உங்களுக்காக. ஓரஞ்சேரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்ட அறைகள், சுவர் முழுக்க அல்லிக் குளம். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வெளியே போக விரும்பினால் போகவிடுங்கள். வாசலிலேயே துய்லரி தோட்டம் இருக்கிறது, நாற்காலிகள் போட்டிருக்கும். எந்த இடத்தில் காத்திருப்பது என்று முன்பே பேசிக்கொண்டால் போதும். நீங்கள் அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். அம்மாவுக்கும் ஓர் ஆசை இருந்தது, அதற்காக அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள் என்று அவர்கள் பார்ப்பது நல்லது.

உங்கள் கணவரிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். லூவ்ரில் காட்சிக்கு இருப்பவை ஏறக்குறைய 35,000 பொருட்கள். ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தாலும் 290 மணி நேரம் ஆகும். பணமும் அவர் நினைப்பது போல இல்லை. லூவ்ர், ஓர்சே, ஓரஞ்சேரி அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 18 வயதுக்குட்பட்டவர்களிடம் எந்த நாட்டவரானாலும் கட்டணம் வாங்குவதில்லை. எனவே பிள்ளைகளுக்கு மியூசியம் பாஸ் (பல அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து வாங்கும் ஒரே சீட்டு) வாங்க வேண்டாம், வயதுக்கு ஆதாரமாகப் பாஸ்போர்ட் இருக்கட்டும். உங்கள் இருவருக்குத்தான் டிக்கெட். 2026 ஜனவரியிலிருந்து லூவ்ரில் ஐரோப்பியர் அல்லாத பெரியவர்களுக்கு அது 32 யூரோ. இலவசம் என்றாலும் லூவ்ருக்குப் பிள்ளைகளின் பெயரிலும் நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். புதன், வெள்ளி மாலைகளில் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. செவ்வாய் விடுமுறை. ஓர்சேக்குத் திங்கள்.

ஷோவா, அதாவது யூத இன அழிப்பின், நினைவகம் உங்கள் பட்டியலில் இருந்தால் அதை மட்டும் கடைசி நாளில் வைக்காதீர்கள். பிரான்சிலிருந்து நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்ட சுமார் 76,000 யூதர்களின் பெயர்கள் அங்கே சுவரில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஏறக்குறைய 11,000 பேர் குழந்தைகள். பார்த்த பிறகு பிள்ளைகளோடு பேச இரண்டு மாலையாவது வேண்டும். பேச நேரமில்லை என்றால் இந்தமுறை விட்டுவிடுங்கள்.

கடைசி நாளுக்குக் கீமே. ஆசியக் கலைகளின் அருங்காட்சியகம். அங்கே நம் ஊர் நடராசர் இருக்கிறார், சோழர் காலத்து வெண்கலம். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்த உருவம். ஆனால் கோயிலில் பட்டும் மாலையும் மூடியிருக்கும். தூக்கிய காலும் வளைந்த இடுப்பும் மிதிபடும் முயலகனின் முகமும் அங்கேதான் முழுதாகத் தெரியும். "இவர் எப்படி இங்கே வந்தார்?" என்று உங்கள் மகள் நிச்சயம் கேட்பாள். அவசரப்பட்டுப் பெருமையாகவோ கோபமாகவோ ஒரு பதிலைச் சொல்லி அந்தக் கேள்வியை முடித்துவிடாதீர்கள். சிலைக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதை அவளே படிக்கட்டும், ஊருக்குத் திரும்பியும் தேடட்டும்.

தெப்பத்தின் படத்தைப் புறப்படும்வரை கைபேசியில் காட்டிவிடாதீர்கள். உங்கள் மகள் அந்தக் கப்பலைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாயிற்று என்று வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.