அடிமரத்தில் பூக்கும் மரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மரங்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு பெரிய தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். அதை ஒட்டியே மரங்களுக்கென்று தனியாக ஓர் அர்போரேட்டமும் இருக்கிறது. காலை பத்து மணிக்கு நுழைந்தவர்கள் மாலை பூட்டும்வரை நடந்தோம். ஒரு மூலை விடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் மனதில் எதுவும் நிற்கவில்லை. எல்லாம் பச்சை, எல்லாவற்றிலும் வாயில் நுழையாத இலத்தீன் பெயர். காட்டுக்குள் போனால் கிடைக்கும் நிறைவு இங்கே கிடைக்கவில்லை. எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து நட்டு வைத்த செயற்கையான இடம் என்றே தோன்றியது. நாகலிங்க மரத்தைப் பார்த்து மகள், "பூ ஏன் கிளையில் இல்லாமல் அடிமரத்தில் பூக்கிறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மாதிரி இடத்தை எப்படித்தான் பார்ப்பது? மறுபடி போகலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கட்டாயம் மறுபடி போங்கள். ஆனால் இந்த முறை கால்வாசி இடத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். ஒரே நாளில் ஆயிரம் மரங்களைக் கடந்து நடந்தால் யாருக்கும் எதுவும் மனதில் நிற்காது. அது உங்கள் குறை அல்ல.

செயற்கையான இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், அங்கே எதுவும் தானாக முளைத்ததில்லை. ஆனால் அந்த இடத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. சாதாரணப் பூங்காவில் இல்லாத ஒன்று தாவரவியல் பூங்காவில் உண்டு: பதிவேடு. அடுத்த முறை பெயர்ப்பலகையின் ஓரத்தைப் பாருங்கள், சிறிதாக ஓர் எண் இருக்கும். 1968-0214 என்பது போல. பல தோட்டங்களில் முதல் பகுதி அந்தச் செடி வந்து சேர்ந்த ஆண்டு, அடுத்தது அந்த ஆண்டில் வந்தவற்றில் அதன் வரிசை. அலுவலகப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே, யார் கொண்டுவந்தார்கள், எந்த மலையில் எடுத்தார்கள், விதையாக வந்ததா, பதியனாக வந்ததா என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். உங்கள் வயதைவிட மூத்த எண் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லி மகளை அனுப்பிப் பாருங்கள். பலகைகளைத் தேடித்தேடிப் படிப்பாள்.

இத்தாலியின் பதுவா நகரில் 1545-ல் பல்கலைக்கழகம் தொடங்கிய தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் மூலிகைகளைப் பிழையில்லாமல் அடையாளம் காணக் கற்பதற்காகத் தொடங்கியது அது. தவறான வேரைக் கொடுத்தால் நோயாளி செத்துவிடுவான். இந்தப் பெயர்கள் மீது இவ்வளவு கவனம் வந்ததற்கு அப்படி ஒரு காரணம் இருந்திருக்கிறது.

வாயில் நுழையாத இலத்தீன் என்கிறீர்கள். முழுப்பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், முதல் சொல்லை மட்டும் பாருங்கள். ஆலமரத்தில் ஃபைகஸ் என்று இருக்கும். அரச மரத்திலும் ஃபைகஸ், அத்தியிலும் ஃபைகஸ். மூன்றும் பங்காளிகள் என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. அதற்கும் மேலே குடும்பப் பெயர் ஒன்று இருக்கும். மாமரம், முந்திரி, சேங்கொட்டை மூன்றிலும் அது ஒன்றுதான், அனகார்டியேசியே. மாங்காய்ப் பால் பட்டால் வாயோரம் புண்ணாகிறது, முந்திரிக்கொட்டையின் எண்ணெய் கையில் கொப்புளம் போட்டுவிடுகிறது, சேங்கொட்டையைத் தொடவே ஆட்கள் பயப்படுகிறார்கள். மூன்றும் ஒரே வீட்டுக் குணம். இது தெரிந்த பிறகு அந்த நீளமான பெயர் எனக்கு வெறும் எழுத்தாகத் தெரிந்ததே இல்லை.

பெயர் சில சமயம் ஏமாற்றவும் செய்யும். புளியமரத்தின் பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. இந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள். முதல் சொல்லும் 'இந்தியப் பேரீச்சை' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் பலகையின் கடைசி வரியில் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்று இருக்கும். பெயர் வைக்கப்பட்டது 1753-ல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மரம் கடல் தாண்டி வந்து ஊன்றிவிட்டது.

சரி, காட்டுக்கு வருவோம். காட்டில் கிடைக்கும் நிறைவு தோட்டத்தில் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டில் இனி எப்போதும் பார்க்கவே முடியாத செடிகள் தோட்டங்களில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கக் காடு ஒன்றில் 1895-ல் ஜான் மெட்லி வுட் என்பவர் சைகஸ் என்ற பனைபோல் தோன்றும் செடிக்கு உறவான ஒரு மரத்தைக் கண்டார். இந்த வகையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அவர் கண்டது ஆண். அதன்பின் எத்தனையோ பேர் தேடியும் பெண் மரம் கிடைக்கவில்லை. இன்று உலகத் தோட்டங்களில் அந்த இனத்தில் நிற்பவை எல்லாம் அந்த ஒரே மரத்தின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவை. லண்டன் கியூ தோட்டத்துக்கு 1899-ல் ஒன்று போய்ச் சேர்ந்தது. அது கூம்பு விடலாம், மகரந்தம் உதிர்க்கலாம், ஏற்றுக்கொள்ளத்தான் இணை இல்லை. அமெரிக்காவின் ஃபிராங்க்ளினியா மரமும் இப்படித்தான். 1803-க்குப் பிறகு அதைக் காட்டில் பார்த்தவர் இல்லை. பார்ட்ரம் என்ற தோட்டக்கார அப்பாவும் மகனும் முன்பே அதைக் கண்டு, மகன் விதை எடுத்து வந்து வளர்த்திருந்ததால் இன்றைக்கும் அது பூக்கிறது. இவற்றை நினைத்தால், செயற்கை என்ற சொல்லை அந்த இடத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

இனி ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பதற்கு வருகிறேன். திறந்த உடனே நுழையுங்கள், பத்து மணி தாமதம். பறவைகளும் பூச்சிகளும் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் அதற்கு முன்பு. வாசலில் இருக்கும் தோட்டப் பணியாளரிடம் "இப்போது எது பூத்திருக்கிறது?" என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத தகவல் அவரிடம் இருக்கும். கண்ணாடி வீடுகளை வெயில் ஏறும் முன்பே பார்த்துவிட்டு, உச்சிவேளையில் அர்போரேட்டத்தின் நிழலுக்குள் போய்விடுங்கள். அங்கே ஐந்தே ஐந்து மரங்கள். ஒவ்வொன்றின் கீழும் அம்மா உட்காரும் அளவுக்கு நேரம்.

உட்கார்ந்து என்ன செய்வது? பட்டையைத் தடவிப் பாருங்கள். உதிர்ந்த இலையை முகர்ந்து பாருங்கள். அப்புறம் இலை எது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. வேப்பிலை என்று நாம் ஒன்றைக் கிள்ளிக் காட்டுகிறோமே, அது இலை அல்ல, சிற்றிலை. ஈர்க்கோடு சேர்ந்த அந்த முழு வரிசைதான் ஓர் இலை. இலை என்றால் அது கிளையோடு சேரும் கோணத்தில் ஒரு மொட்டு இருக்க வேண்டும். வேம்பில் அந்த மொட்டு ஈர்க்கின் அடியில்தான் இருக்கிறது, சிற்றிலைகளுக்குக் கிடையாது. அடுத்து நெல்லியைப் பாருங்கள். பார்வைக்கு அதுவும் வேம்பு மாதிரி அடுக்கடுக்கான ஓர் இலைபோலத்தான் தெரியும். ஆனால் அந்தக் குட்டி இலைகள் ஒவ்வொன்றின் கோணத்திலும் பூ வரலாம், காய் வரலாம். ஆக அது இலை அல்ல, சின்னக் கிளை. அதில் இருப்பவை ஒவ்வொன்றும் தனி இலை. ஒன்பது வயதுக் குழந்தை இதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு "எல்லாம் பச்சை" என்று அவளால் சொல்ல முடியாது.

தெரிந்துகொண்டு பார்ப்பதற்கும் கடந்து போவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு கொல்கத்தாவை அடுத்த ஹவுரா தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தைச் சொல்வேன். தோப்பு என்று நினைத்துச் சுற்றி வருபவர்கள் உண்டு. அதன் அடிமரம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. பூஞ்சை தாக்கியதால் 1925-ல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். நிற்பவை எல்லாம் விழுதுகள், 3,000-க்கும் மேல்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். எதையும் பறிக்க வேண்டாம், தரையில் கிடப்பதே போதும். நீங்கள் பறிக்கும் காய் அந்த ஆண்டு விதை சேகரிக்கக் காத்திருந்த காயாக இருக்கலாம். பட்டையில் பெயர் செதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறமாகத்தான், செதுக்கினால் அந்த வழி அறுபடும். பாதையை விட்டு இறங்கி மரத்தடியில் கும்பலாக நிற்பதும் கெடுதல். மரத்தின் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் ஓரிரண்டு அடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன, மண் இறுகினால் அவற்றுக்கு மூச்சு முட்டும். மரத்தடியில் உட்காருவதென்றாலும் பெஞ்சு போட்ட மரமாகப் பாருங்கள்.

மகளின் கேள்வி மிக நல்ல கேள்வி. பலாவும் கோக்கோவும் அத்தியும்கூட இப்படி முதிர்ந்த மரத்தண்டிலேயே காய்ப்பவைதான். பட்டைக்கடியில் உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் வெடித்து வருகின்றன. இதில் மரத்துக்குச் சில வசதிகள் உண்டு. நாகலிங்கக் காய் பீரங்கிக் குண்டு மாதிரி கனமானது, மெல்லிய கிளையால் அதைத் தாங்க முடியாது. பூவும் இலைக்கூட்டத்துக்குள் மறையாமல் வெளிப்படையாக நிற்கிறது.

அவளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அந்தப் பூவில் தேன் கிடையாது. தேனீ வருவது மகரந்தத்துக்காக. நாகப்படம்போல் கவிந்திருக்கும் பகுதியிலும், நடுவே லிங்கம்போல் இருக்கும் சூலகத்தைச் சுற்றிய வளையத்திலும் மகரந்தம் இருக்கிறது. நாகப்படப் பகுதியில் இருப்பது முளைக்காதது, தேனீக்கான தீனி. அதைத் தேடி உள்ளே நுழையும்போது, வளையத்தில் இருக்கும் நிஜமான மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. இந்த முறை காலையிலேயே அந்த மரத்தடிக்குப் போய்விடுங்கள். ஒரு தேனீ உள்ளே போய்த் தூள் அப்பிய முதுகோடு வெளியே வரும்வரை அவள் அங்கேயே நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அன்புடன்